புத்தாடையின் பாக்கி



இதை எழுதும்போது வெளியே மழை. காஞ்சிபுரத்தில் கார்த்திகை மழை வலுத்தால் தறிச் சத்தம் குறைந்துவிடும். தறியில் ஏற்றும் நீள இழைகளான பட்டுப் பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டு உலர்த்த வேண்டும். அதற்குக் காலை வெயில் வேண்டும். குழித்தறியின் பள்ளத்தில் ஈரம் ஊறினால் உட்கார்ந்து மிதிக்க முடியாது. தீபாவளி விற்பனை ஓய்ந்து, தை முகூர்த்தங்கள் தொடங்கும்வரை பல நெசவாளர் வீடுகளில் கை இறுக்கம்தான். நம்முடைய திருவருகைக் காலம் சரியாக இந்த இடைவெளியில் வருகிறது. நாம் கிறிஸ்மஸ் துணி எடுக்கக் கிளம்பும் அதே வாரங்களில், துணி நெய்கிறவர் வீட்டில் அரிசியை அளந்து உலையில் போடுகிறார்கள்.

டிசம்பர் நெருங்கும்போது வாசகர்களாகிய உங்களில் பலர் எழுதும் கடிதங்களில் ஒரே கேள்வி பல உருவங்களில் வருகிறது. வீட்டில் நட்சத்திரம் கட்டலாமா? மரம் வைப்பது வேதத்துக்கு ஏற்றதா? பிள்ளைகளுக்குக் கிறிஸ்மஸ் தாத்தாவைப் பற்றிச் சொல்லலாமா? பண்டிகையை ஆண்டவருக்கு மகிமையாகக் கொண்டாடுவது எப்படி? எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. கடைசிக் கேள்விக்கு மட்டும், என் சொந்தத் தவறு ஒன்றிலிருந்து சொல்லத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் திருமணத்தின் இருபத்தைந்தாம் ஆண்டு. அந்தக் கிறிஸ்மஸுக்கு மனைவிக்கு நல்ல பட்டு ஒன்று எடுத்துத் தர ஆசைப்பட்டேன். கடைக்குப் போகாமல், எங்கள் ஊர் பிள்ளையார்பாளையத்தில் சொந்தமாகப் பாவு வாங்கி நெய்துகொண்டிருந்த ஒருவரிடம் நேரே சொல்லிவைத்தேன். அரக்கு உடல், பச்சைக் கரை, கோர்வை. கோர்வை என்றால் உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் தனித்தனி நாடா. நெய்கிறவர் ஒருவர் போதாது. பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள வேண்டும். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் அவர் மனைவி. முந்தி வேறு நிறம் என்பதால் பேட்னியும் உண்டு. உடல் பாவின் ஒவ்வோர் இழையையும் முந்திப் பாவின் இழையோடு விரலால் முறுக்கிச் சேர்ப்பார்கள். அந்த வேலையை நான் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பார்த்த எனக்கே கண் வலித்தது.

மழையில் நான்கு நாள் தறி நின்றது. ஆனாலும் சொன்ன தேதிக்கு, டிசம்பர் 20-ஆம் தேதி, புடவையை மடித்து வீட்டுக்கே எடுத்து வந்தார். நான் பாதிப் பணம் கொடுத்தேன். "மீதியைப் பண்டிகை முடிஞ்சதும் குடுத்துடறேங்க" என்றேன். "இருக்கட்டும் ஐயா. நல்ல நாள் வருது, முதல்ல அதப் பாருங்க" என்றார். அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. தெரியாதபடி பார்த்துக்கொண்டார் என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது.

கிறிஸ்மஸ் காலை நான்கு மணி ஆராதனைக்கு மனைவி அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். எல்லோரும் விசாரித்தார்கள். பிறகு கேக், விருந்தாளிகள், வாட்ச் நைட் ஆராதனை, புதுவருடம், பொங்கல் என்று நாட்கள் ஓடின. பிப்ரவரியில் ஒரு சாயங்காலம் மீதிப் பணத்தோடு போனேன். அவர் வீட்டில் இல்லை. மனைவிதான் வாங்கி எண்ணினார். குறை சொல்லும் குரலே இல்லாமல், "பொங்கலுக்கு முன்ன இது வந்திருந்தா என் தோடு வட்டிக்குப் போயிருக்காதுங்க" என்றார். பட்டுநூல் கடன் அது. என் புடவைக்கு வாங்கிய நூல்.

அந்த டிசம்பர் இதழில், இதே பக்கத்தில், கிறிஸ்மஸ் என்பது பகிர்ந்துகொள்வதற்கான நாள் என்று நான் எழுதியிருந்தேன்.

கூலிக்காரனுடைய கூலியைச் சூரியன் மறைவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும், அவன் ஏழை, அதன் மேலேயே நம்பிக்கை வைத்திருக்கிறான் என்று உபாகமம் 24-ஆம் அதிகாரம் சொல்கிறது. யாக்கோபு இன்னும் ஒரு படி போகிறார். வயல் அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி, தானே வாய் திறந்து கத்துவதாகவும், அறுத்தவர்களின் கூக்குரல் கர்த்தரின் காதுக்குப் போய்விட்டதாகவும் ஐந்தாம் அதிகாரத்தில் எழுதுகிறார். இந்த வசனங்களைப் பெரிய பண்ணையார்களுக்கும் முதலாளிகளுக்கும் சொன்னவை என்றே வெகுகாலம் வாசித்துவந்தேன். அந்தக் கிறிஸ்மஸ் விடியற்காலையில் ஆலயத்தில் நாங்கள் பாடியது ஒன்று; என் மனைவியின் தோளில் கிடந்த புடவை எழுப்பிய சத்தம் வேறு. இரண்டும் ஒரே இடத்துக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கும்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். டிசம்பர் 20-க்குள் யாருக்கெல்லாம் பாக்கி இருக்கிறதோ, அத்தனையும் தீர்க்க வேண்டும். தையல்காரர், பால்காரர், இஸ்திரி போடுகிறவர், வீட்டு வேலைக்கு வரும் அம்மா, நாளிதழ் போடும் தம்பி. மிஞ்சியதில்தான் பண்டிகை. சில வருடங்களில் மிஞ்சியது கொஞ்சம்தான். ஒரு வருடம் புத்தாடையே எடுக்கவில்லை. பிள்ளைகள் முகம் சுண்டியது உண்மை. ஆனால் காரணத்தைச் சொன்னபோது கேட்டுக்கொண்டார்கள். அது அவர்களுக்கு மறக்கவில்லை என்பதை அவர்கள் பெரியவர்களான பிறகு பார்க்கிறேன்.

நெசவு ஊரில் உட்கார்ந்து சுவிசேஷத்தை வாசிக்கும்போது கண்ணில் படுகிற சில விஷயங்கள் உண்டு. நம்முடைய பெரிய பண்டிகை ஒவ்வொன்றிலும் ஒரு துணி இருக்கிறது. பெத்லகேமில் மேய்ப்பர்களுக்குத் தூதன் சொன்ன அடையாளம், துணிகளில் சுற்றி முன்னணையில் கிடத்தியிருக்கும் குழந்தை. குருத்தோலை ஞாயிற்றில் ஜனங்கள் தங்கள் மேலாடைகளைக் கழற்றி வழியில் விரித்தார்கள். பெரிய வெள்ளியன்று, மற்ற உடைகளை நான்கு பங்காகப் பிரித்துக்கொண்ட சேவகர்கள் அங்கியைக் கண்டதும் நின்றுவிட்டார்கள். தையல் இல்லாமல், மேலிருந்து கடைசிவரை ஒரே நெசவாக இருந்தது அது. அதைக் கிழிக்க மனம் வராமல் சீட்டுப் போட்டார்கள். இதை ஒருமுறை கோர்வை நெய்யும் பெரியவர் ஒருவரிடம் சொன்னேன். அவர் வைணவர். "கிழிச்சா நெய்தவன் உழைப்பு போச்சே" என்றார் உடனே. யோவான் 19-ஆம் அதிகாரத்தை எத்தனையோ முறை பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். நெய்தவரை நினைத்த ஒருவரை அன்றுதான் முதலில் பார்த்தேன். உயிர்ப்பின் காலையிலும் துணிதான். கல்லறைக்குள் கிடந்த சீலைகள், தனியாகச் சுருட்டி வைத்திருந்த தலைத்துணி.

துணி என்று பேச ஆரம்பித்ததால் சங்கடமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கோர்வையில் பக்கத்தில் உட்கார்ந்து நாடா தள்ளுகிற இரண்டாவது ஆள், ஒரு காலத்தில் இந்த ஊரில் பெரும்பாலும் ஒரு குழந்தையாக இருந்தது. குடும்பம் வாங்கிய அட்வான்ஸுக்காகப் பள்ளிக்குப் போகாமல் தறியில் உட்கார்ந்த பிள்ளைகள். ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003-ல் வெளியிட்ட பட்டுத் தொழில் அறிக்கையில் காஞ்சிபுரம் இடம் பெற்றது. அதற்கு முன்னும் பின்னும் அரசும் தொண்டு நிறுவனங்களும் ஆசிரியர்களும் உழைத்து நிலைமையை வெகுவாக மாற்றியிருக்கிறார்கள். ஆனால் அந்த ஆண்டுகளில் நம் ஆலயங்களில் குழந்தை இயேசுவின் பிறப்பைப் பாடியவர்கள் உடுத்தியிருந்த பட்டில் எத்தனை குழந்தைகளின் கை பட்டிருக்கும்? சபையாக நாம் அன்று இதைக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. நானும் கேட்கவில்லை.

அப்படியானால் கொண்டாட்டமே வேண்டாமா? அப்படிச் சொன்னவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் நம் ஊருக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

காஞ்சிபுரத்தில் பள்ளியும் மருத்துவமும் சபையும் வளர்ந்ததில் ஸ்காட்லாந்து மிஷனரிமாருக்குப் பெரிய பங்கு. 1837-ல் சென்னைக்கு வந்த ஜான் ஆண்டர்சன் அங்கே தொடங்கிய பள்ளியிலிருந்துதான் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி வளர்ந்தது. அவர் பெயரை நம் ஊர் ஆண்டர்சன் பள்ளி இன்றும் தாங்கி நிற்கிறது. ஆனால் அந்த மிஷனரிமார் பிறந்து வளர்ந்த பிரஸ்பிட்டேரியன் சபை, தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்மஸைக் கொண்டாடாத சபை. ஸ்காட்லாந்துப் பாராளுமன்றம் 1640-ல் கிறிஸ்மஸ் விடுமுறையை ஒழித்துச் சட்டம் போட்டது. அங்கே டிசம்பர் 25 மறுபடியும் பொது விடுமுறை ஆனது 1958-ல். கடல் தாண்டி அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் குடியேறிய தூய்மைவாதிகள் 1659-ல், கிறிஸ்மஸ் கொண்டாடுகிறவர்களுக்கு ஐந்து ஷில்லிங் அபராதம் என்றே விதித்தார்கள். 1681-ல்தான் அதை நீக்கினார்கள்.

அவர்கள் பக்தியில்லாதவர்கள் அல்லர். ஆண்டவர் பிறந்த தேதி வேதத்தில் எங்கும் இல்லை. ரோமாபுரியில் டிசம்பர் 25-ஐக் குறிக்கும் மிகப் பழைய பதிவே 354-ஆம் ஆண்டுத் தொகுப்பு ஒன்றில்தான் இருக்கிறது. பண்டிகையின் பெயரில் குடியும் சூதும் நடப்பதை அவர்கள் கண்ணால் பார்த்தார்கள். ஒவ்வொரு ஞாயிறும் உயிர்ப்பின் நாளாக இருக்க, தனியாக ஒரு நாள் எதற்கு என்று கேட்டார்கள். எனக்கு அவர்கள் மேல் மரியாதை உண்டு. ஆனாலும் அவர்களோடு முழுக்க உடன்பட முடியவில்லை. ஒருவன் ஒரு நாளை விசேஷமாக நினைக்கிறான், மற்றவன் எல்லா நாளையும் சமமாக நினைக்கிறான். எப்படியானாலும் கர்த்தருக்கென்று செய்யட்டும் என்று ரோமர் 14-ல் பவுல் விட்டுவிடுகிறார். அபராதம் விதிக்கவில்லை.

மேலும், பண்டிகை இல்லாத ஏழை வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வருடம் முழுதும் கஞ்சியும் துவையலுமாக ஓடும் வீட்டில், ஒரு நாள் கறிக்குழம்பு கொதிப்பதும் பிள்ளைகள் புதுச் சட்டையின் மடிப்பு கலையாமல் தெருவில் நடப்பதும் சின்ன விஷயமல்ல. அந்த ஒரு நாளையும் பக்தியின் பெயரால் பறிக்க எனக்கு மனம் இல்லை. இஸ்ரவேலரும் எருசலேமில் ஒருநாள் எஸ்றா நியாயப்பிரமாணத்தை வாசிக்கக் கேட்டு, தங்கள் பாவத்தை உணர்ந்து அழுதார்கள். எஸ்றாவும் உடனிருந்தவர்களும் அவர்களைத் தேற்றி, போய் நல்ல உணவு சாப்பிடுங்கள், இனிப்பானதைக் குடியுங்கள் என்றுதான் அனுப்பினார்கள். கூடவே ஒன்றைச் சொன்னார்கள்: வீட்டில் எதுவும் ஆயத்தமில்லாதவர்களுக்கு அவர்களுடைய பங்கை அனுப்புங்கள். நெகேமியா எட்டாம் அதிகாரம். இந்த டிசம்பரில் குடும்பமாக உட்கார்ந்து அதை வாசிக்கும்படி உங்களை வேண்டிக்கொள்கிறேன். அங்கே பங்கு என்று வருகிறது. மீந்ததை என்று வரவில்லை. நம் வீட்டில் பிரியாணி ஆறிய பிறகு பாத்திரத்தின் அடியிலிருந்து எடுத்துக் கொடுப்பதற்கும், அடுப்பிலிருந்து இறக்கியதும் முதல் கரண்டியை வேறு தூக்கில் போட்டு மூடுவதற்கும் இருக்கும் தூரம் பெரிது.

2015 டிசம்பர் முதல் தேதி உங்களுக்கு நினைவிருக்கும். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்து, அடையாறு பெருகி, சென்னையும் காஞ்சிபுரம் மாவட்டமும் தண்ணீரில் நின்றன. அந்த வருடம் பல சபைகளில் அலங்காரத்தையும் விருந்தையும் சுருக்கி, அந்தப் பணத்தைப் பாய், போர்வை, அரிசி, பாடப்புத்தகம் என்று கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஆலயக் கூடங்களில் வேறு மதத்தவர் வந்து தங்கினார்கள். அந்தக் கிறிஸ்மஸ்தான் மனதில் நின்றது என்று எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். எனக்குள் இருக்கும் உறுத்தல் ஒன்றுதான். வெள்ளம் வடிந்தது, 2016-ல் நட்சத்திரங்கள் பழைய அளவுக்கே திரும்பின. பிள்ளையார்பாளையத்தில் மழைக்காலம் வருடா வருடம் வருகிறது.

பாடல் பவனிபற்றி இரண்டு வார்த்தை. மார்கழி பிறந்தால் நம் ஊரில் விடியுமுன்பே பெண்கள் வாசல் தெளித்துக் கோலம் போடுகிறார்கள். கோயில்களில் பாவைப் பாடல்கள் தொடங்குகின்றன. நம்முடைய கேரல் குழுக்கள் தெருவில் வருவதும் அதே நாட்களில். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று விதி இருக்கிறது. விதியே இல்லாவிட்டாலும், ஐந்து மணிக்குத் தறியில் உட்கார வேண்டியவர் தூங்கும் தெரு அது. மேய்ப்பர்களுக்குத் தூதர்கள் பாடியது அவர்கள் விழித்திருந்த நேரத்தில். ஒரு வாலிபர் குழு போன வருடம் மேளத்தையும் மைக்கையும் விட்டுவிட்டு, மாலை ஆறு மணிக்கு வெறுங்குரலில் பாடிக்கொண்டு வந்தது. எங்கள் எதிர் வீட்டுப் பாட்டி கதவைத் திறந்துவைத்து, முடியும்வரை நின்று கேட்டார்கள். பையன்கள் வாசல் கோலத்தைச் சுற்றிக்கொண்டு நடந்ததையும் நான் பார்த்தேன்.

அண்டை வீட்டாரின் பண்டிகையை மதிப்பதில் காஞ்சிபுரத்துக் கிறிஸ்தவர்களுக்கு நல்ல பழக்கம் உண்டு. அவர்களுக்கும் நம்மிடம் அப்படியே. பங்குனி உத்திரமும் நம் பாடுகளின் வாரமும் நிலவைப் பார்த்தே கணக்கிடப்படுவதால் சில வருடங்களில் ஒன்றன்மேல் ஒன்று விழும். 2018-ல் பெரிய வெள்ளியும் பங்குனி உத்திரமும் ஒரே நாள், மார்ச் 30. ஏகாம்பரநாதர் கோயிலில் திருக்கல்யாண உற்சவம். நம் ஆலயத்தில் பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரை ஏழு வார்த்தைகளின் தியானம். வெள்ளை உடுத்தியவர்களும் பட்டு உடுத்தியவர்களும் ஒரே தெருவில் ஒருவருக்கொருவர் வழிவிட்டு நடந்தார்கள். இதையும் ஆண்டவரைக் கனம்பண்ணுகிற காரியமாகவே எண்ணுகிறேன்.

வழிவிடுவதைவிடக் கடினமானது பந்தியில் பக்கத்தில் இடம் விடுவது. தமிழ்ச் சபைகளில் சாதிப்படி தனியே உட்கார்ந்த காலம் இருந்தது. திருவிருந்துக்குக்கூட முன்பின் பார்த்து வந்தார்கள். கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-ல், சாதி வேற்றுமையைச் சபை அறவே விட்டுவிட வேண்டும் என்று கடிதம் எழுதியபோது வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையைவிட்டே வெளியேறினார்கள். கிட்டத்தட்ட இருநூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. திருநெல்வேலிப் பக்கத்து அசனப் பண்டிகையில் ஊரே ஒன்றாக உட்கார்ந்து ஒரே அண்டாச் சோற்றைச் சாப்பிடுவதைப் பார்க்கும்போதெல்லாம் என் மனம் நிறையும். ஆனால் அசனப் பந்தி வருடத்தில் ஒரு நாள். கிறிஸ்மஸ் மதியம் நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் யார் யார் உட்காருகிறார்கள்? திரும்ப அழைக்கக்கூடியவர்களை விருந்துக்குக் கூப்பிட வேண்டாம் என்று ஆண்டவர் லூக்கா 14-ல் சொன்னது நம் உறவினர்களின் காதுக்கு எட்டாமல் பார்த்துக்கொள்கிறோம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே ஒரு நாற்காலியாவது இந்த வருடம் வேறு தெருக்காரருக்குப் போகட்டும். ஆலயத்தைப் பெருக்குகிறவர், கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவர், பண்டிகை மறுநாள் நம் தெருக் குப்பையை அள்ள வருகிறவர். பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பாமல், உட்கார வைத்துப் பரிமாறுங்கள். முதல் முறை இரு பக்கமும் கூச்சமாக இருக்கும். எங்கள் வீட்டில் இருந்தது. இரண்டாவது வருடம் எங்கள் விருந்தாளி தன் பேத்தியையும் அழைத்து வந்தார்.

அந்த நெசவாளர் இன்றும் நெய்கிறார். மகன் ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்குப் போகிறான். வீட்டில் இரண்டு தறிகளில் ஒன்றைக் கழற்றிவிட்டார்கள். கரை நாடா தள்ள மனைவிக்கு இப்போது கண் சரியில்லை என்பதால் கோர்வை நெய்வதை நிறுத்திவிட்டார். என் மகளுக்கு ஒரு புடவை சொல்லியிருக்கிறேன். எப்போது முடியும் என்று கேட்கவில்லை. மழை விட்டு, பாவு காய்ந்து, அவருக்கு முடிகிறபோது முடியட்டும். முழுப் பணத்தையும் முன்பே கொடுத்தாயிற்று. வாங்கும்போது அவர் மனைவி சிரித்துக்கொண்டே தோட்டைத் தொட்டுக் காட்டினார்.

கடைசியாக, இதழின் விஷயம். அச்சகத்துக்கும், உட்கார்ந்து மடித்துத் தைத்து முகவரி ஒட்டும் சகோதரிகளுக்கும் கொடுக்க வேண்டியதை டிசம்பர் 20-க்குள் தீர்க்க வேண்டும் என்பது இங்கேயும் வழக்கம். சந்தா நிலுவை வைத்திருக்கும் அன்பர்கள் 15-ஆம் தேதிக்குள் அனுப்பிவைத்தால் அது நேரே அவர்கள் கைக்குப் போகும். அனுப்ப வசதியில்லாத வாசகர்கள் ஒரு வரி எழுதிப் போடுங்கள், அது போதும்; இதழ் நிற்காது.

கிறிஸ்துவின் அன்பில்,
ஆசிரியர்